இஸ்ரேல்–பாலஸ்தீனம்: எங்கே தொடங்கியது, ஏன் தீரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசா செய்தியில் அடிபடும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகள் இவை. வீட்டில், வாட்ஸ்அப் குழுவில், வரலாறு படிக்கும் பிள்ளைகளிடமிருந்து வந்தவை. ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இது இரண்டாயிரம் மூவாயிரம் வருஷமாக நடக்கும் மதச் சண்டைதானே?

இல்லை. இந்த நினைப்பைக் கழற்றி வைத்தால்தான் மற்றதெல்லாம் புரியும். இந்தச் சண்டைக்கு வயது சுமார் 130 ஆண்டுகள். ஒரே நிலத்தை இரண்டு மக்கள் தங்கள் தாயகம் என்கிறார்கள், அதுதான் அடிப்படை. மதம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது, இப்போது வலுவாகவே சேர்ந்திருக்கிறது.

1517 முதல் 1917 வரை நானூறு ஆண்டுகள் அந்த நிலம் ஒட்டோமான் துருக்கியர் கையில் இருந்தது. பெரும்பாலானோர் அரபு முஸ்லிம்கள். கூடவே அரபுக் கிறிஸ்தவர்கள். ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியா ஆகிய ஊர்களில் பழைய யூதக் குடும்பங்கள். எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு படி கீழான இடம்தான். ஆனால் 'இந்த நாடு யாருடையது' என்ற சண்டை அப்போது இல்லை.

யூதர்களின் நினைவு பழமையானது என்பதும் உண்மை. கி.பி. 70இல் ரோமானியர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் யூதர்கள் பஸ்கா விருந்தை "அடுத்த ஆண்டு ஜெருசலேமில்" என்று சொல்லித்தான் முடிப்பார்கள். அந்த ஏக்கம் யாரும் புனைந்ததல்ல.

அப்படியானால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூதர்கள் ஏன் திடீரென்று வரத் தொடங்கினார்கள்?

ஐரோப்பா அவர்களை வாழவிடவில்லை. 1881இலிருந்து ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது அலை அலையாகக் கலவரங்கள். நாகரிகத்தின் உச்சம் என்று பேர் வாங்கிய பிரான்சிலேயே 1894இல் டிரேஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைப் பொய்க் குற்றச்சாட்டில் தண்டித்தார்கள். வியன்னா பத்திரிகையாளர் தியோடர் ஹெர்ஸல், யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று 1896இல் எழுதினார். மறு வருடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யூதர்களுக்குத் தாயகம் கோரும் 'சியோனிச' இயக்கத்தின் முதல் மாநாடு கூடியது. ரஷ்யாவை விட்டு ஓடியவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்காவுக்குத்தான் போனார்கள். சிறு பகுதியினர் பாலஸ்தீனம் வந்தார்கள்.

வந்தவர்கள் நிலத்தைப் பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதுதான் கதை. 1858இல் துருக்கிய அரசு நிலப்பதிவுச் சட்டம் கொண்டுவந்தபோது, வரிக்கும் ராணுவத்துக்கும் பயந்த விவசாயிகள் பலர் தாங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தைத் தங்கள் பேரில் எழுதிக்கொள்ளவில்லை. அது ஊர்ப் பெரிய மனிதர்கள் பேரிலும் தூரத்து நகரத்து வியாபாரிகள் பேரிலும் போனது. பெய்ரூட்டில் இருந்த சுர்சுக் குடும்பம் யெஸ்ரீல் பள்ளத்தாக்கில் பெரும் பரப்பை விற்றது அப்படித்தான். விற்றவர் பெய்ரூட்டில், வாங்கியவர் கையில் முறையான பத்திரம், உழுதவர் தெருவில். நம் ஊரில் குத்தகை நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பிரிட்டன் செய்தது என்ன? எல்லோரும் பால்ஃபர் என்கிறார்களே.

முதல் உலகப் போரில் பிரிட்டன் ஒரே பொருளைப் பலருக்கு வாக்குக் கொடுத்தது. துருக்கிக்கு எதிராகக் கிளம்பினால் அரபு நாடுகளுக்கு விடுதலை என்று 1915–16இல் மெக்காவின் ஆட்சியாளர் ஷரீஃப் ஹுசைனுக்குக் கடிதங்கள் போயின. 1916இல் பிரான்சோடு ரகசியமாக அந்தப் பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டது. 1917 நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதப் பிரமுகர் ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு 'தேசிய இல்லம்' அமைய உதவுவோம் என்றார்.

அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் வெறும் 67 சொற்கள். அதில் 'அரபு' என்ற சொல்லே கிடையாது. 'அங்கே இருக்கும் யூதர் அல்லாத சமூகங்கள்' என்றுதான் வரும். அந்த 'யூதர் அல்லாத சமூகங்கள்' அன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. அவர்களுடைய சிவில் உரிமையும் மத உரிமையும் பாதிக்கப்படாது என்றது கடிதம். அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. சொந்த ஊரில் பெரும்பான்மையாக இருப்பவரை 'மற்றவர்' என்று குறிப்பிடும் அந்த ஒரு சொற்றொடரில் பின்னால் வந்த பலதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

பாலஸ்தீனம் என்று ஒரு நாடே இருந்ததில்லையே?

தனிக் கொடியோடு இறையாண்மை உள்ள நாடாக இருந்ததில்லை. சரி. இராக்கும் ஜோர்டானும் லெபனானும்கூட அன்று அப்படி இல்லை. ஆனால் மக்கள் இருந்தார்கள். யாஃபா துறைமுக நகரில் 'ஃபலஸ்தீன்' என்ற பெயரிலேயே 1911இல் ஓர் அரபுப் பத்திரிகை தொடங்கப்பட்டது. நாடு இல்லாததால் அந்த மக்களுக்கு ஊரும் இல்லை என்று ஆகிவிடாது.

1947இல் ஐ.நா. பிரித்துக் கொடுத்ததை அரபுகள் ஏன் ஏற்கவில்லை?

முதல் உலகப் போருக்குப் பின் பாலஸ்தீனம் பிரிட்டன் ஆட்சிக்கு வந்தது. அந்த ஆட்சியில் எண்கள் மாறிய வேகத்தை முதலில் பாருங்கள். 1922 கணக்கெடுப்பில் யூதர்கள் சுமார் 84,000 பேர், மொத்தத்தில் 11 விழுக்காடு. ஹிட்லர் வந்த பிறகு தப்பித்து ஓட வேறு கதவுகள் எல்லாம் அடைபட்டன. 1947இல் அவர்கள் 6 லட்சம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. இடையில் 1936 முதல் 1939 வரை அரபுக் கிளர்ச்சி, அதை பிரிட்டன் கொடூரமாக நசுக்கியது. 1939இல் யூதக் குடியேற்றத்துக்கு ஐந்தாண்டுக்கு 75,000 என்று உச்சவரம்பு போட்டது. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட காலத்தில் அந்தக் கதவு அரைகுறையாகச் சாத்தியிருந்தது. இதை யூதர்கள் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் முடியாது.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பிரிவினைக்கு 33 ஆதரவு, 13 எதிர்ப்பு. மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு சுமார் 55 விழுக்காடு நிலம். ஜெருசலேம் சர்வதேச நிர்வாகத்தில். யூதத் தலைமை ஏற்றது. அரபுத் தரப்பு, 'ஐரோப்பா செய்த பாவத்துக்கு எங்கள் வீட்டில் ஏன் தண்டனை' என்று மறுத்தது. மறுத்ததில் நியாயம் இருந்தது. மறுத்த பிறகு போர்தான் வழி என்று போனதற்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

நக்பா என்றால் என்ன?

அரபியில் 'பேரழிவு' என்று பொருள். 1948இல் பாலஸ்தீனர்கள் ஊரிழந்து அகதிகளானதை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1948 மே 14 அன்று யூதத் தலைவர் பென் குரியன் இஸ்ரேல் நாட்டை அறிவித்தார். மறுநாள் எகிப்து, ஜோர்டான், சிரியா, இராக், லெபனான் படைகள் நுழைந்தன. ஆனால் உள்ளுக்குள் சண்டை அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. ஏப்ரல் 9 அன்று தேய்ர் யாசின் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் நூறு பேருக்கு மேல் கொன்றன. நான்கு நாள் கழித்து ஜெருசலேமில் ஹடாசா மருத்துவமனைக்குப் போன வாகனங்களை மறித்து அரபுப் படையினர் 78 பேரைக் கொன்றார்கள், மருத்துவர்களும் செவிலியர்களும் அதில் அடக்கம்.

போர் முடிந்தபோது சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் காலி. அரபுத் தலைவர்கள் சொல்லித்தான் அவர்களாகவே கிளம்பிப் போனார்கள் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. 1980களில் ஆவணங்கள் திறக்கப்பட்ட பிறகு இஸ்ரேலிய வரலாற்று ஆய்வாளர்களே அது பொதுக் காரணம் இல்லை என்று காட்டினார்கள். லித்தா, ரம்லா போன்ற ஊர்களில் நேரடியாக விரட்டினார்கள். வேறு இடங்களில் குண்டுச் சத்தத்துக்கும் தேய்ர் யாசின் செய்திக்கும் பயந்து, பத்து நாளில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். எப்படிப் போனார்கள் என்பதைவிட, திரும்ப விடவில்லை என்பதுதான் இன்றுவரை ரணம். வீடு இடிந்து, கதவு போய், பூட்டும் போய்விட்டது. அந்த இரும்புச் சாவிகள் மட்டும் முகாம் வீடுகளில் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கின்றன.

அரபு நாட்டு யூதர்களும் விரட்டப்பட்டார்களே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்ல வேண்டும். பாக்தாத், கெய்ரோ, சனா, திரிபோலி என்று நூற்றாண்டுகளாக வாழ்ந்த சுமார் 8 லட்சம் யூதர்கள் 1948க்குப் பின் பல வருடங்களில் வெளியேறினார்கள். பலர் சொத்தை விட்டுவிட்டு வந்தார்கள். இன்றைய இஸ்ரேலிய யூதர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவர்கள் வழி வந்தவர்கள். 'ஐரோப்பாவுக்கே திரும்பிப் போ' என்று அவர்களிடம் சொல்வதற்குப் பொருளே இல்லை. ஆனால் இராக்கிலோ எகிப்திலோ நடந்த அநியாயத்துக்கு ரம்லாக்காரர் பொறுப்பாக முடியாது.

1967இல் என்ன மாறியது?

அண்டை அரபு நாடுகளோடு நடந்த ஆறே நாள் போரில் ஜோர்டான் நதியின் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா, எகிப்தின் சினாய், சிரியாவின் கோலான் குன்றுகள் எல்லாம் இஸ்ரேல் வசம் வந்தன. நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 242ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. நிலத்தைத் திருப்பிக் கொடு, பதிலுக்கு அமைதி.

இதில் ஒரு மொழிச் சிக்கல். கைப்பற்றிய 'பகுதிகளிலிருந்து' விலக வேண்டும் என்று இருக்கிறது. ஆங்கிலப் பிரதியில் அந்தச் சொல்லுக்கு முன் 'தி' (the) இல்லை, பிரெஞ்சுப் பிரதியில் அதற்கு இணையானது இருக்கிறது. 'தி' இல்லாததால் எல்லாப் பகுதிகளிலிருந்தும் விலகத் தேவையில்லை என்கிறது இஸ்ரேல். போரால் நிலம் சேர்ப்பது செல்லாது என்று அதே தீர்மானம் முகப்பிலேயே சொல்கிறதே என்கிறது மறுதரப்பு. தமிழில் இந்த வித்தியாசத்தைக் காட்டவே வழியில்லை. அரை நூற்றாண்டாகத் தூதர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள்.

அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது குன்றுகளின் மேல் வீடுகள் எழுந்தன. இவைதான் 'குடியேற்றங்கள்'. ஆக்கிரமித்த நாடு தன் மக்களை அந்த நிலத்தில் குடியமர்த்தக் கூடாது என்பது 1949 ஜெனிவா உடன்படிக்கை. இஸ்ரேல் அது தனக்குப் பொருந்தாது என்கிறது. சர்வதேச நீதிமன்றம் 2004இலும், பின்பு 2024 ஜூலையிலும் பொருந்தும் என்றே சொல்லிவிட்டது.

ஓஸ்லோ ஒப்பந்தம் ஏன் தோற்றது?

1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கை குலுக்கினார்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலை நாடாக ஏற்றது. பதிலுக்கு இஸ்ரேல் அந்த இயக்கத்தைப் பாலஸ்தீனர்களின் பிரதிநிதியாக ஏற்றது. அவ்வளவுதான். தனி நாடு என்ற சொல்லை இஸ்ரேல் கொடுக்கவில்லை. கடினமான ஐந்தையும், அதாவது எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றம், பாதுகாப்பு ஆகியவற்றை, ஐந்து வருட இடைக்காலத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள்.

நம்பிக்கை வளரட்டும், பிறகு பேசலாம் என்பது எண்ணம். ஆனால் அந்த ஐந்து வருடமும் இரண்டு பக்கத்து எதிரிகளுக்கும் அவகாசமாகப் போனது. 1994 பிப்ரவரியில் ஹெப்ரோன் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். ஹமாஸ் என்ற பாலஸ்தீன இஸ்லாமிய ஆயுத இயக்கம் இஸ்ரேலியப் பேருந்துகளில் தற்கொலைக் குண்டுகளை வெடித்தது. 1995 நவம்பர் 4 அன்று, அமைதிப் பேரணி முடிந்து காருக்குப் போன ராபினை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான்.

நிலத்தில் நடந்தது இன்னும் மோசம். 1995 ஒப்பந்தப்படி மேற்குக் கரை ஏ, பி, சி என்று மூன்று பகுதியானது. சி பகுதி மட்டும் 60 விழுக்காடு, அது முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாடு. தற்காலிகம் என்று சொன்ன ஏற்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது. சி பகுதியில் ஒரு பாலஸ்தீனர் தன் சொந்த நிலத்தில் மகனுக்கு ஓர் அறை கட்ட ராணுவ நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைப்பது அரிது. அனுமதி இல்லாமல் கட்டினால் புல்டோசர் வரும். ஓஸ்லோ கையெழுத்தானபோது மேற்குக் கரையில் குடியேறிகள் ஒரு லட்சத்துச் சொச்சம். இன்று சுமார் 5 லட்சம், கிழக்கு ஜெருசலேமில் இருப்பவர்கள் தனி. எந்த நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்களோ அது பேசும்போதே கரைந்தது. ஓஸ்லோ தோற்றதற்குக் காரணம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரே ஓர் ஊரை வைத்துப் புரியவைக்க முடியுமா?

முடியும். ஹெப்ரோன், அரபியில் அல்-கலீல். ஆபிரகாமின் கல்லறை அங்கே இருப்பதாக யூதர்களும் முஸ்லிம்களும் நம்புகிறார்கள். இருவருக்கும் அவர்தான் தகப்பன்.

1929 ஆகஸ்டில் அங்கே அரபுக் கும்பல் 67 யூதர்களைக் கொன்றது. அதே நாளில் பக்கத்து வீட்டு அரபுக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றின. உயிர் பிழைத்தவர்கள் சில ஆண்டுகளில் ஊரை விட்டே போய்விட்டார்கள். 1967க்குப் பிறகு புதிய யூதக் குடியேறிகள் நகரத்தின் நடுவிலேயே வந்து அமர்ந்தார்கள். 1994 கொலைகளுக்குப் பின் அந்த வழிபாட்டுத் தலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வருடத்தில் பத்து நாள் முழுவதும் யூதர்களுக்கு, பத்து நாள் முழுவதும் முஸ்லிம்களுக்கு. 1997இல் நகரமே பிரிந்தது. இஸ்ரேல் கட்டுப்பாட்டுப் பகுதியில் சில நூறு குடியேறிகள், முப்பதாயிரத்துக்கும் மேல் பாலஸ்தீனர்கள்.

பழைய கடைவீதியில் நடந்தால் தலைக்கு மேல் கம்பி வலை. மேல் மாடிகளில் குடியேறிகள், கீழே பாலஸ்தீனர் கடைகள். மேலிருந்து எறியப்படும் குப்பையும் கல்லும் பாட்டிலும் அந்த வலையில் தொங்குகின்றன. ஒரு காலத்தில் ஊரின் முக்கியச் சந்தையாக இருந்த ஷுஹதா தெருவில் கடைக் கதவுகளை ராணுவம் மூடி வைத்திருக்கிறது. பாலஸ்தீனர்கள் அந்தத் தெருவின் பெரும்பகுதியில் நடக்கவே கூடாது.

ஜெருசலேமைப் பங்கு போட முடியாதா?

பழைய நகரம் முழுவதும் சேர்ந்து ஒரு சதுர கிலோமீட்டர்கூட வராது. அதற்குள் யூதர்களின் மேற்குச் சுவர், அதன் மேலேயே அல்-அக்ஸா மசூதி, சில நிமிட நடையில் இயேசுவின் கல்லறைக் கோவில். இரண்டு தரப்பும் தலைநகர் என்கின்றன. 1967 ஜூனில் மேற்குச் சுவருக்கு முன் திடல் அமைக்க, அங்கிருந்த மொராக்கோ முஸ்லிம்களின் குடியிருப்பை இஸ்ரேல் ஓர் இரவில் இடிக்கத் தொடங்கியது.

ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்லறைக் கோவிலில் கிறிஸ்தவப் பிரிவுகளுக்குள் தகராறு. அதனால் அதன் வாசல் சாவி பல நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது, கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். புனித இடத்தைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்வது அந்த ஊருக்குத் தெரியாத வித்தை அல்ல.

நம் ஊரிலிருந்து புனிதப் பயணம் போனவர்கள் ஜெருசலேமிலிருந்து பெத்லகேமுக்குள் நுழையும்போது எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் சுவரைப் பார்த்திருப்பார்கள். தற்கொலைக் குண்டுகளைத் தடுக்க 2002இல் கட்டத் தொடங்கியது. தாக்குதல்கள் குறைந்தன. ஆனால் சுவரின் பெரும்பகுதி 1967 எல்லையின் மேல் போகாமல் மேற்குக் கரைக்குள்ளே வளைந்து போகிறது.

கிடைத்த வாய்ப்பையெல்லாம் பாலஸ்தீனர்தான் கெடுத்தார்களா?

2000 ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் நடந்த பேச்சில், இஸ்ரேல் முன்வைத்ததை அராஃபத் மறுத்தார் என்பது உண்மை. எதிர்த்திட்டம் ஒன்றையும் அவர் வைக்கவில்லை, அது அவருடைய தவறு. ஆனால் 2002 மார்ச்சில் பெய்ரூட்டில் அரபு நாடுகள் கூடி, 1967 எல்லைக்குத் திரும்பினால் நாங்கள் எல்லோரும் உறவு வைத்துக்கொள்கிறோம் என்றன. இஸ்ரேல் அதை எடுத்துப் பேசவே இல்லை. அந்த மாநாடு தொடங்கிய அன்றே நெதன்யா நகரில் பஸ்கா விருந்துக்கு அமர்ந்திருந்த 30 பேரை ஹமாஸ் குண்டு வைத்துக் கொன்றது. பெய்ரூட் செய்தி அந்தப் புகையில் காணாமல் போனது.

2008இல் இஸ்ரேல் பிரதமர் ஒல்மர்ட் மேற்குக் கரையின் பெரும்பகுதியைத் தரும் வரைபடம் ஒன்றைப் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸிடம் காட்டினார். கையில் கொடுக்க மறுத்துவிட்டார். அப்பாஸ் திரும்பி வந்து நினைவிலிருந்து ஒரு தாளில் கையால் வரைந்து வைத்தார். ஒல்மர்ட் அப்போது ஊழல் விசாரணையில் பதவி விலகும் நிலையில் இருந்தார். அதன் பிறகு அவ்வளவு அருகில் யாரும் வரவில்லை.

காசாவை விட்டு இஸ்ரேல் போய்விட்டதே, பிறகும் ஏன் சண்டை?

2005இல் 21 குடியேற்றங்களைக் காலி செய்துகொண்டு போனது. ஆனால் வான், கடல், பெரும்பாலான எல்லை எல்லாம் அதன் கையிலேயே. 2006 தேர்தலில் ஹமாஸ் வென்றது. 2007இல் அப்பாஸின் ஃபத்தா கட்சியை அடித்து விரட்டிவிட்டு காசாவைத் தனியாகப் பிடித்தது. முற்றுகை இறுகியது. 365 சதுர கிலோமீட்டரில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள், பெரும்பாலோர் 1948 அகதிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் எல்லை தாண்டிச் சுமார் 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றது. வீட்டுக்குள் இருந்த முதியவர்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. எந்த விடுதலையின் பெயராலும் இதை நியாயப்படுத்த முடியாது. பிறகு இஸ்ரேல் நடத்திய போரில் 2025 அக்டோபர் போர்நிறுத்தம் வரை காசா சுகாதாரத் துறையின் கணக்குப்படி 67,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்கள் தரைமட்டம். பட்டினியும் சேர்ந்தது. அக்டோபர் 7ஐச் சொல்லி இதையும் நியாயப்படுத்த முடியாது.

இந்தியா எந்தப் பக்கம்?

1947இல் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தது. 1950இல் இஸ்ரேலை அங்கீகரித்தது, ஆனால் முழுத் தூதரக உறவு 1992இல்தான். நடுவில் 1988இல் பாலஸ்தீனத்தை நாடாக ஏற்றது. இரு நாடு தீர்வு என்பதே இன்றும் அதிகாரபூர்வ நிலைப்பாடு.

இன்று அமைதிக்கு உண்மையான தடை எது?

முதல் தடை, பேச ஆளில்லை. அப்பாஸ் 2005இல் நான்கு வருடப் பதவிக்குத் தேர்வானவர், பிறகு அதிபர் தேர்தலே நடக்கவில்லை. தன் மக்களிடமே மரியாதை இழந்த தலைமை எதில் கையெழுத்துப் போட்டாலும் நிற்காது. இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் 120 இடங்கள், எந்தக் கட்சியும் தேர்தலில் தனியாக 61 வென்றதில்லை. அதனால் குடியேறிகளின் சிறு கட்சிகள் ஆட்சியைக் கவிழ்க்க முடியும். அவர்களை மீறிக் குடியேற்றத்தைக் காலி செய்யப் பிரதமர்கள் அஞ்சுகிறார்கள்.

இரண்டாவது, அகதிகள். ஐ.நா. பதிவில் இன்று சுமார் 59 லட்சம் பேர். எல்லோரும் திரும்பினால் யூதப் பெரும்பான்மை போய்விடும் என்பது இஸ்ரேலின் பயம். ஒருவருக்குமே உரிமை இல்லை என்றால் எந்தப் பாலஸ்தீனத் தலைவரும் ஏற்க முடியாது.

மூன்றாவதாக, இரண்டு பக்கமும் சமபலம் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஒருவரிடம் நாடும் விமானப்படையும், ஐ.நா. பாதுகாப்பு அவையில் எதிரான தீர்மானங்களைத் தடுக்கும் அமெரிக்காவின் வீட்டோவும் இருக்கின்றன. மற்றவர் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போகவே சோதனைச் சாவடியில் நிற்கிறார். இதைக் கணக்கில் எடுக்காமல் 'இருவரும் விட்டுக்கொடுங்கள்' என்பது எளிது.

இரண்டு பக்கமும் பேசிக்கொள்பவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். பிள்ளையையோ கூடப்பிறந்தவரையோ இந்தச் சண்டையில் பறிகொடுத்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் சேர்ந்து 'பேரன்ட்ஸ் சர்க்கிள்' என்று ஓர் அமைப்பை 1990களிலிருந்து நடத்துகிறார்கள். பள்ளிகளுக்கு இருவர் இருவராகப் போய்ப் பேசுகிறார்கள்.

விவியன் சில்வர் என்ற இஸ்ரேலியப் பெண்மணி காசா எல்லையை ஒட்டிய பெயெரி கிராமத்தில் வாழ்ந்தார். காசாவிலிருந்து வரும் நோயாளிகளைத் தன் காரில் ஏற்றி இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய் விடுவார். 2023 அக்டோபர் 4 அன்று இஸ்ரேலியப் பெண்களும் பாலஸ்தீனப் பெண்களும் சேர்ந்து நடத்திய அமைதிப் பேரணியில் இருந்தார். மூன்றாம் நாள் ஹமாஸ் அவரை அவர் வீட்டிலேயே கொன்றது. பிணையாகப் பிடித்துச் சென்றிருப்பார்கள் என்று ஒரு மாதத்துக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். அவருடைய மகன் தன் வேலையை விட்டுவிட்டு அம்மா செய்துகொண்டிருந்த அமைதிப் பணிக்கு வந்துவிட்டார்.